பால் தொடாதவர்களின் பக்கம்

எனக்கு ஒட்டுக்கேட்கும் பழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், என்னைப் பற்றி வேறு மாதிரிப் பேசுகிறார்கள். குற்றம் சுவருடையது. லயம் கட்டிய காலத்து வெள்ளைக்காரத் துரை, காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் எழுப்பிய சுவரைக் கூரை வரைக்கும் கொண்டு போகவில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு தலை நுழையும் அளவு சந்து. அந்த வழியாகப் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வருகிறது, இருமல் வருகிறது, புருசன் பெண்டாட்டி சண்டை வருகிறது. தானாக வருவதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

பகலில் எனக்குப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைத் தூங்கவைக்க வேண்டும். பிள்ளையை விடும்போது ஒரு கதை, எடுக்கும்போது ஒரு கதை என்று தாய்மார்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆக, பொகவந்தலாவையில் எங்கள் டிவிசனில் நடப்பது எதுவும் என்னைத் தாண்டிப் போவதில்லை. பூரணிக்குத் தெரிந்தால் பஜாருக்கே தெரிந்தமாதிரி என்பார்கள். பொறாமை.

சுவருக்கு அந்தப் பக்கம் காளியாயியும் அவள் புருசன் பொன்னையாவும் இருக்கிறார்கள். காளியாயி இன்னும் கொழுந்துக்குப் போகிறாள். பொன்னையா வேலையை விட்ட பிறகு, ஒரு செவலை மாட்டையும் உலகத்தின் மேல் பொதுவான ஒரு சலிப்பையும் வளர்த்து வருகிறார். ஒரே மகன் லோஜன். ஹட்டனில் சமையல் படித்து, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வெங்காயம் உரித்து, கடைசியில் கப்பலுக்குச் சமையல்காரனாகப் போனவன். சாமான் ஏற்றுகிற கப்பல் இல்லை. ஊர் ஊராகச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் ஏறும் உல்லாசக் கப்பல். அதில் எல்லாருக்குமான சாப்பாட்டுக் கூடம் தனி. அதற்கு மேல் காசு கட்டி, முன்கூட்டியே மேசை சொல்லி வைத்து, கோட் மாட்டிக்கொண்டு போகிற விசேஷ ரெஸ்டோரண்ட் தனி. லோஜனுக்கு வேலை அந்த விசேஷத்தில். டிக்கட்டோடு சேர்த்துச் சாப்பாடு போடும்போது மறுபடி எதற்குக் காசு கட்டிச் சாப்பிட வேண்டும் என்று பொன்னையா கேட்டார். லோஜன் உடனே பேச்சை மாற்றிவிட்டான்.

வாரத்தில் இரண்டு தடவையாவது வீடியோவில் பேசுவான். போனைத் தேங்காய் துருவும் பலகையில் சாத்தி வைத்துவிட்டுக் காளியாயி ரொட்டி தட்டுவாள். எங்கள் வீட்டுக்குப் படம் வராது, குரல் வரும். அப்படி ஒருநாள் வந்ததுதான் இந்த வீகன் சமாச்சாரம்.

"இன்னைக்கு ரெண்டு வீகன் மேசைம்மா. உயிர வாங்கிட்டாங்க."

"அது யாருடா?"

"ஒரு கூட்டம்மா. கறி திங்க மாட்டாங்க, மீன் முட்டை திங்க மாட்டாங்க. சரி, சைவம்னு வச்சுக்க. பாலும் தொட மாட்டாங்க. வெண்ணெய், தயிர், நெய் ஒண்ணும் கூடாது. தேன் கூட வேணாம்னுறாங்க. பேக்கரிப் பாண்ல பால் சேத்தீங்களான்னு கேக்கறாங்க. வெண்ணெய் பட்ட கரண்டி அவங்க சட்டியில படக்கூடாது. அதனால எல்லாத்தையும் தனியா கழுவணும்."

"விரதக்காரங்களா?" என்று பொன்னையாவின் குரல்.

"விரதமும் இல்ல, சாமியும் இல்லப்பா. சும்மா கிறுக்கு."

காளியாயி சிரிக்கவில்லை. ரொட்டி தட்டும் சத்தமும் நின்றுவிட்டது. "அப்ப அவங்களுக்கு என்னதான் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"மெனுவுல அவங்களுக்குன்னு கடைசியில ஒரு பக்கம் இருக்கு. நம்ம பூக்கோவாவ, இங்க காலிஃபிளவர்னுவாங்க, முழுசா வெட்டி அடுப்புல வாட்டி, பச்சையா ஒரு சாறு ஊத்திக் குடுப்போம். பூசணிக்கா சூப்பு. பால் போடாத பாண்."

"எண்ணெய்லயா வாட்டுவீங்க?"

"எண்ணெய்லதான். உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்தடுத்த பேச்சிலும் அந்தப் பக்கத்தைப் பற்றியே விசாரித்தாள். பூக்கோவாவுக்கு உப்பு போடுவீர்களா, அந்தப் பாணைத் தனிக் கத்தியில் வெட்டுவீர்களா. லோஜனுக்குச் சலித்துப்போய்விட்டது. நான்தான் சுவருக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால், காளியாயி பாலைத் தொடுவதில்லை. அது லயத்திலேயே பொன்னையாவை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். லோஜன் லீவில் வரும்போதெல்லாம் பால்மாப் பெட்டியும் சீஸும் சொக்லேட்டும் கொண்டு வருவான். அவன் திரும்பிப் போன மறுநாள் அத்தனையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். முதல் தடவை சந்தோசமாக வாங்கிக்கொண்டேன். இரண்டாம் தடவை சந்தேகமாக வாங்கிக்கொண்டேன். அப்புறம் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். ஒரு மாதம் கேட்டேன். என்னிடம் யார்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்?

கொரோனாக் காலத்தில் லோஜன் இருந்த கப்பலை எந்தத் துறைமுகத்திலும் விடவில்லை. பயணிகளை எப்படியோ இறக்கிவிட்டார்கள். வேலைக்காரர்கள் மட்டும் நடுக்கடலில் நின்றார்கள். ஜன்னல் இல்லாத அறையில் இருந்துகொண்டு அந்தப் பையன் போனில், "அம்மா, எனக்கு மண்ணு பாக்கணும்மா" என்று அழுதான். அன்றைக்குக் காளியாயி மாரியம்மன் கோயிலுக்கு ஓடினாள். ஊரடங்கு என்று கோயிலும் பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள்: என் பிள்ளையைக் கரையில இறக்கிவிடு தாயே, கடல் அவனை விடுற மட்டும் பாலும் பால்ல வர்ற எதுவும் என் வாய்க்கு வராது, நம்ம வீட்டுப் பால் உனக்குத்தான். அன்றிலிருந்து செவலையைக் கறந்து பால் சென்டருக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கென்று நிற்பதை வெள்ளிக்கிழமை அம்மனுக்கு ஊற்றுகிறாள். விரலில் வழிந்த துளியைக்கூடச் சேலையில்தான் துடைக்கிறாள்.

இதை மகனிடம் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். என் தலை எனக்கு வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு சொக்லேட் தின்றேன்.

இப்படி இருக்கும்போதுதான் கப்பல் கொழும்புக்கு வருகிறது என்றான் லோஜன். காலையில் வந்து சாயந்தரம் போய்விடும். அன்றைக்கு வேலைக்காரர்கள் வீட்டு ஆட்கள் இரண்டு பேரை உள்ளே கூட்டிப்போகலாமாம். பயணிகள் எல்லாம் ஊர் சுற்றப் போய்விடுவார்கள், ரெஸ்டோரண்ட் காலியாக இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், என் கையால் சமைத்து என் மேசையில் வைத்துத் தருவேன் என்று மூச்சுவிடாமல் சொன்னான். அந்த ஆசையைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட எனக்கே என்னவோ செய்தது.

பொன்னையா வரமாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு பஸ்ஸில் ஏறினால் அடுத்த ஊர் நோர்வூட் வருமுன்னே வாந்தி. கொழும்புக்குப் போனால் மிச்சம் எதுவும் இருக்காது.

"அப்ப பூரணியக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் காளியாயி.

"அவளையா? கப்பல் ரகசியமெல்லாம் வெளிய வந்துருமே" என்றார் பொன்னையா.

சந்து வழியாக நான், "கேக்குது அண்ணே" என்றேன்.

விடியுமுன் கிளம்புகிற கொழும்பு பஸ்ஸில் ஏறினோம். காளியாயி தீபாவளிக்கு வாங்கிய மாம்பழ நிறச் சேலை. கையில் ஒரு பை. பையில் தேங்காய் ரொட்டியும், மாசிக் கருவாடு போடாமல் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். எதற்கு என்றேன். "ஒருவேளை அந்தப் பக்கம் இன்னைக்கு இல்லன்னா?" என்றாள். அவள் பயம் அவ்வளவும் அதில் இருந்தது. பிள்ளை கையால் சாப்பிட வேண்டும். நேர்ச்சையும் உடையக்கூடாது. பிள்ளை மனசும் நோகக்கூடாது. மூன்றையும் ஒரு தட்டில் வைத்துத் தரும் என்று மெனுவின் கடைசிப் பக்கத்தை நம்பி ஒரு பொம்பிளை கொழும்புக்குப் போகிறாள்.

துறைமுக வாசலில் காவல்காரர் அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டே, "கொஹெத யன்னே, அம்மே?" என்று எங்கே போகிறோம் எனச் சிங்களத்தில் கேட்டார்.

"புத்தா பலன்ன" என்று காளியாயி கப்பலைக் காட்டினாள். மகனைப் பார்க்க வந்தேன் என்று இவ்வளவு பெரிய சாமானைக் காட்டி யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்போல. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

கப்பலைப் பற்றி நிறையச் சொல்லலாம். தேயிலைத் தொழிற்சாலைகள் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வெள்ளை அடித்த மாதிரி. உள்ளே கம்பளம் அமுங்குகிறது. சேற்றில் கால் வைப்பதைப்போலவே காளியாயி சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். லோஜன் வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஓடிவந்தான். தொப்பியோடு சேர்த்தால்தான் அவன் அப்பாவின் உயரம் வருகிறது. அம்மாவின் காலைத் தொட்டான். தொப்பி விழுந்தது. மூன்று பேரும் சேர்ந்து பொறுக்கினோம்.

ரெஸ்டோரண்டில் ஜன்னலோர மேசை. வெளியே தண்ணீர். காளியாயி அந்தத் தண்ணீரைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கொடுத்த பொருளைத் திருப்பித் தராத ஆளைப் பார்க்கிற பார்வை. அங்கே பெரியவர் கஜேந்திரன் என்று ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு கறுப்பு டை கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட அதிபர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"வாங்கோ அம்மா, இருங்கோ. லோஜன் உங்களைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. வழக்கமாக் கேக்கிறது ஒண்டு, கேட்டிடுறன். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு ஏதும் இருக்கோ? கச்சான் கடலை, முட்டை, பால்?"

கேட்கவேண்டிய கேள்வி. கேட்கவேண்டிய நேரம். காளியாயி வாயைத் திறந்தாள். அதற்குள் லோஜன் குறுக்கே விழுந்தான்.

"ஒண்ணும் இல்ல சேர். அவங்க கறி மீன் மட்டுந்தான் சாப்பிட மாட்டாங்க. மெனு நான் முடிவு பண்ணிட்டேன்." அம்மாவின் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் வெளிச்சம். "அம்மா, ஞாபகம் இருக்கா? கறக்கிறதெல்லாம் பால் சென்டருக்குப் போயிரும். வீட்டுக்குன்னு ஒரு டம்ளர் நிக்கும். அத எனக்கு ஊத்திட்டு, உனக்கு எங்கம்மான்னு கேட்டா, எனக்குப் பால் ஒத்துக்காதுன்னு சொல்லுவ. நீங்களும் பாத்திருக்கீங்கதானே, பூரணியக்கா? ஹட்டன்ல படிக்கப் போற வரைக்கும் அத நெசம்னு நம்பினேன். இப்பவும் நான் லீவுல வந்தா, நீ அந்தப் பால் ஊத்தாத சாயத்தண்ணியத்தான் குடிச்சிக்கிட்டிருக்க. அதான் இன்னைக்கு முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு எல்லாமே பாலு. கிரீம் சூப்பு, சீஸ் போட்ட உருளக்கிழங்கு, கடைசியில பால் புட்டிங். ஒரு மாசமா யோசிச்ச மெனும்மா."

மேசைக்கு அடியில் காளியாயியின் கை என் முழங்காலைப் பிடித்தது. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல். காயம் ஒரு வாரம் இருந்தது.

"சொல்லிரு" என்று வாயசைத்தேன்.

அவள் கஜேந்திரனைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா" என்றாள்.

சூப் வந்தது. காளான் சூப். மேலே வெள்ளைக் கிரீமில் ஒரு வட்டம் இழுத்து, அதன் நடுவில் ஏதோ கீரையில் இரண்டு இலையும் ஒரு அரும்பும் வைத்திருந்தான். கொழுந்து! பாவிப்பயல், அம்மாவுக்காகக் கிரீமில் கொழுந்து நட்டிருக்கிறான். கொஞ்சம் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடக் காத்திருப்பவன் மாதிரி பார்த்தான்.

காளியாயி கரண்டியை எடுத்தாள். கலக்கினாள். வட்டம் கலைந்தது. கொழுந்தை மட்டும் ஓரமாக ஒதுக்கினாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பால் ஒத்துக்காது தம்பி."

பிள்ளைக்காம்பராவில் அழப்போகிற முகங்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். முதலில் கீழுதடு போகும். லோஜனுக்கும் அதுதான் போனது.

"இன்னும் யாருக்கும்மா மிச்சம் புடிக்கிற?" என்றான். "எனக்கா? நான் விடிஞ்சதுலயிருந்து இந்தக் கிரீமுக்குள்ளதான் நிக்கிறேன். இங்க பாலு தீராதும்மா. நீ குடிச்சா எனக்குக் கொறையாது."

"அதில்ல சாமி..."

"ஒரே வாய்." அவன் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். கரண்டி நிறையச் சூப்பை எடுத்து, சிந்தாமல் மற்றக் கையைக் கீழே பிடித்து, அவள் வாய்க்கு நேரே கொண்டுவந்தான். "எனக்காகம்மா. ஒரே வாய்."

எனக்காக என்று சொல்லிவிட்டான். எவனுக்காக விட்டாளோ அவனே கேட்கிறான். காளியாயி ஜன்னலுக்கு வெளியே அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். உதடு மெதுவாகத் திறந்தது.

அதற்குப் பிறகு நான் யோசித்துச் செய்தது எதுவும் இல்லை. என் தலை தானாகக் குறுக்கே போனது. கரண்டியை நான் கவ்விக்கொண்டேன்.

சூப் நல்ல ருசி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"பூரணியக்கா!" லோஜன் எழுந்துவிட்டான். கஜேந்திரனின் வண்ணத்துப்பூச்சி ஒருதரம் மேலே போய்க் கீழே வந்தது.

"என்னடா பூரணியக்கா? மடையா, உங்கம்மா நேந்துக்கிட்டிருக்கா! நீ கடல்ல நிக்கையில அம்மனுக்கு நேந்தது! பால் பட்டா உனக்கு ஆகாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்கா, நீ வாயில ஊத்துற!"

"இவகிட்டச் சொன்னதுக்கு, பெரட்டுக்களத்துல மணி அடிச்சுச் சொல்லியிருக்கலாம்" என்றாள் காளியாயி. ஆனால் பிடித்திருந்த என் முழங்காலை விட்டுவிட்டாள்.

அப்புறம் அவளே சொன்னாள். நீட்டவில்லை. பூட்டிய கோயில், ஊரடங்கு, போனில் கேட்ட அழுகை. "மண்ணு பாக்கணும்னு சொன்னியே, அன்னைக்கு. என்கிட்ட அம்மனுக்குக் குடுக்க வேற என்னா இருக்கு? கறியத்தான் எப்பவோ விட்டாச்சு. நீ வேலைக்குப் போனப்புறம் என் பங்குக்கு வந்த அந்தப் பாலுதான் இருந்தது."

"ஏன்மா சொல்லல?"

"சொன்னா நீ திரும்பக் கப்பல் ஏறமாட்ட. இந்தத் தொப்பி போட்டுக்கிட்டு போன்ல நிப்பியே, அப்ப உன் மொகத்த நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்."

லோஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

கஜேந்திரன் மெனுவை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார். "அம்மா, பால் இல்லாத சாப்பாடு எங்களுக்குப் புதுசே? இந்தப் பக்கம் முழுக்க அதுதான். இதுக்குச் சட்டி பிடிக்கிறவர் உங்கட மகன்தான். வீகன் மேசை வந்திட்டுதெண்டால் முகத்தை நீட்டிக்கொண்டு திரியிறவரும் அவர்தான்."

"தெரியுங்க ஐயா" என்றாள் காளியாயி. "அதுல பூக்கோவா இருக்குன்னு போன்ல சொன்னான். எண்ணெய்லதான் வாட்டுவேன்னும் சொன்னான். அத நம்பித்தான் வந்தேன்."

லோஜன் நிமிர்ந்தான். போனில் அவள் கேட்ட கேள்வியெல்லாம் அவனுக்கு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது என்பது பார்க்கும்போதே தெரிந்தது. பூக்கோவாவுக்கு உப்பு போடுவீங்களா. பாணுக்குத் தனிக் கத்தியா. தொப்பியை மாட்டிக்கொண்டு அடுப்பாங்கரைக்குப் போனான்.

அந்த ரெஸ்டோரண்டில் சமைப்பது வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடி போட்டிருக்கிறார்கள். எனக்கென்றே போட்ட கண்ணாடி. லோஜன் முழங்கை வரைக்கும் கையைக் கழுவினான், கோயில் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுகிறவன் கழுவுகிற மாதிரி. கழுவி வைத்த சட்டியை எடுத்து மறுபடி கழுவினான். பக்கத்தில் நின்ற ஒரு பையன் வெண்ணெய்க் கரண்டியோடு நெருங்கியபோது, ஒரு கையை நீட்டித் தள்ளியே நில் என்றான். கிறுக்கு என்று சொன்ன ஆள்!

பூக்கோவா வந்தது. நடுவாக வெட்டி, இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டியது. பச்சைச் சாறு, வறுத்த கடலை, எலுமிச்சை. பூசணி சூப்பில் தேங்காய்ப்பால். கூடவே பாண், அதற்குத் தனிக் கத்தி. கத்தியை அவளுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கீரைக் கொழுந்து, இரண்டு இலை ஒரு அரும்பு. பழையது இல்லை, புதிதாகக் கிள்ளி வைத்தது.

காளியாயி முள்ளையும் கத்தியையும் ஓரமாக நகர்த்திவிட்டுக் கையால் பிய்த்துச் சாப்பிட்டாள். இரண்டாவது வாயில், "நம்ம நுவரெலியா பூக்கோவா இன்னும் கொஞ்சம் இனிப்பா இருக்கும்" என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. லோஜனுக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

"நீ சாப்டியா?"

"நாங்க அப்புறமா நின்னுக்கிட்டே..."

"ஒக்காரு."

கஜேந்திரன் வேறு பக்கம் பார்த்தார். லோஜன் உட்கார்ந்தான். அம்மாவின் பையிலிருந்து தேங்காய் ரொட்டி வெளியே வந்தது. அந்த விசேஷ ரெஸ்டோரண்டின் வெள்ளை விரிப்பில் கட்டச் சம்பலின் சிவப்புக் கறை ஒன்று விழுந்தது. இன்றைக்கும் இருக்கும். கஜேந்திரன் மட்டும், "ஒரு துண்டு எனக்கும் தாங்கோ" என்று நின்றபடியே வாங்கித் தின்றுவிட்டு, உறைப்பில் கண் கலங்கித் தண்ணீர் குடித்தார்.

வீணாகப் போகவேண்டிய கிரீம் சூப், சீஸ் உருளைக்கிழங்கு, பால் புட்டிங் எல்லாவற்றையும் ஒருத்தி தியாகம் செய்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பாரத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

கடைசியில் தேத்தண்ணி. நூல் கட்டிய ஒரு சிறு பையைச் சுடுதண்ணீரில் போட்டுக் கொடுத்தார்கள். காளியாயி அந்தப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தூள். கொழுந்து வாசமே இல்ல" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் மரியாதைக் குறைவு. அப்புறம் லயத்தில் குடிப்பதைப் போலவே உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, நக்கி நக்கிக் குடித்தாள். லோஜனும் உள்ளங்கையை நீட்டினான். அவளே கொட்டினாள்.

"நான்தான் அப்பவே கரைக்கு வந்துட்டேனேம்மா" என்றான் மெதுவாக. "நேத்தி அன்னைக்கே முடிஞ்சிருச்சுல்ல?"

"நீ எறங்கின. திரும்ப ஏறிட்டியே."

"அப்ப நான் மொத்தமா எறங்கிட்டா?"

"எறங்குற அன்னைக்கு செவல பால்ல தேத்தண்ணி போட்டு ஒரு டம்ளர் குடிப்பேன். அதுக்காக நீ அவசரப்படாத. எனக்குச் சாயம் பழகிப்போச்சு."

அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சீனியைச் சின்னப்பிள்ளை மாதிரி கடைசிக் குருணை வரைக்கும் நக்கினான். படியிறங்கும்போது அம்மாவின் பையில் பால் போடாத பாணைச் சுற்றி வைத்தான். என் பையில் சொக்லேட். பழக்கம்.

திரும்பி வந்த பிறகு, கப்பலில் என்ன நடந்தது என்று பிள்ளைக்காம்பராவில் கேட்காத ஆள் இல்லை. கம்பளத்தைச் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், வண்ணத்துப்பூச்சியைச் சொன்னேன். கரண்டியைக் கவ்வியதைச் சொல்லவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் நிஜமாகவே சொல்லவில்லை, லயத்தில் யாரிடமும். பொன்னையாவே ஒருநாள் சந்து வழியாக, "என்ன புள்ள, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார்.

போன வாரம் லோஜனின் போன் வந்தது. நான் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் காதுக்கு இடைஞ்சலாக இருந்ததால் நிறுத்திவிட்டேன்.

"இன்னைக்கு ஒரு வீகன் பாட்டிம்மா. தனியா வந்தாங்க, வயசானவங்க. முன்னயெல்லாம் நான் மேசைக்குப் போகவே மாட்டேன். இன்னைக்கு நானே பூக்கோவாவ எடுத்துக்கிட்டுப் போனேன். வச்சிட்டு, யாருக்காக விட்டீங்கன்னு கேட்டுட்டேன்."

"அப்பிடியெல்லாம் கேக்கலாமாடா?" இது காளியாயி.

"கேட்டுட்டேம்மா. அவங்க முள்ளக் கீழ வச்சிட்டாங்க. அப்புறம், மாட்டுக்காகன்னாங்க."

"மாட்டுக்காகவா!" பொன்னையா சிரித்தார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

காளியாயி சிரிக்கவில்லை. பின்பக்கம் கொட்டகையில் செவலை கத்திக்கொண்டிருந்தது. பால் கறக்க நேரமாகிவிட்டால் கன்றைத் தேடி அப்படித்தான் கத்தும். அவள் சொம்பை எடுக்கும் சத்தம் கேட்டது.

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க" என்றாள். "அதுக்கும் ஒரு புள்ள இருக்குல்ல."